லூப் பெடல் வாங்கலாமா, சார்?



கொஞ்சம் நீளமான பதிவு. பேஸ் கிட்டார் வாசிக்காதவர்களும் படிக்கலாம். நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையே இதைக் கேட்டு வந்து நிற்கலாம்.

என்னிடம் படித்தவர்களில் சிலர் இப்போது பேஸ் வாசிக்கிறார்கள். வாரம் முழுக்க சிப்காட்டில் ஷிப்ட், ஞாயிறு காலை சர்ச் கொயர், முகூர்த்த நாளில் கல்யாணக் கச்சேரி, கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி மாதிரி மேடை கிடைத்தால் அதுவும். இயற்பியல் எடுத்தவன் என்பதாலும், ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவன் என்பதாலும் என்னிடம் கேட்கிறார்கள்: "சார், லூப் பெடல் வாங்கலாமா? எது நல்லது? மாதத் தவணையில் கிடைக்குது, எடுத்துடட்டுமா?"

தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் மேடைக்காக வேண்டாம், பயிற்சிக்காக வாங்குங்கள். வாங்கும் வரிசையில் அது நான்காவது. தவணையில் வேண்டவே வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் விளக்கம். லூப் பெடல் என்பது காலால் மிதிக்கும் ஒரு சின்னப் பெட்டி. ஒருமுறை மிதித்தால் நீங்கள் வாசிப்பதைப் பதிவு செய்யும். மறுபடி மிதித்தால் பதிவானதைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். இன்னொரு முறை மிதித்து அதன் மேலேயே அடுத்ததை வாசித்துச் சேர்க்கலாம். ஒரே ஆள் இரண்டு மூன்று பேர் வேலையைச் செய்கிற மாதிரி இருக்கும். யூடியூபில் பார்த்தால் ஆசை வராமல் இருக்காது.

இது புதிய ஆசையும் இல்லை. வெதர் ரிப்போர்ட் குழுவில் வாசித்த ஜாக்கோ பாஸ்டோரியஸ், லூப் பெடல் என்று ஒன்று கடைக்கு வருவதற்கு முன்பே, டிலே கருவியில் ஒரு வரியைச் சுழல விட்டு அதன் மேல் தனியாக வாசித்தார். 1979-ல் வெளிவந்த '8:30' இசைத் தொகுப்பில் அதைக் கேட்கலாம்.

சரி, நம் ஊர் மேடைக்கு அது ஏன் ஒத்துவராது? ஓசூர்க் கல்யாணத்தில் ஒரே இரவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பாட்டுக் கேட்பார்கள். அத்திப்பள்ளி தாண்டிப் போனால் வரிசையே மாறிவிடும். பாடகர் தொண்டை கட்டியிருந்தால் சுருதியை அரைக்கட்டை இறக்கச் சொல்வார். கூட்டம் எழுந்து ஆடினால் பல்லவியை இரண்டு முறை கூடப் பாடுவார். மாப்பிள்ளை ஊர்வலம் உள்ளே வந்தால் பாதியில் நிறுத்தச் சொல்வார்கள். மனிதன் இதற்கெல்லாம் கண்ணைப் பார்த்து மாறிக்கொள்வான். லூப் மாறாது. பதிவான சுருதியில், பதிவான வேகத்தில், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். டிரம்ஸ்காரர் கொஞ்சம் வேகம் எடுத்தாலே போதும், இருவரும் இரண்டு ஊரில் இருப்பார்கள். மேடையில் தனியாக வாசிப்பவருக்கு லூப் துணை. குழுவில் வாசிக்கும் பேஸ்காரருக்குப் பெரும்பாலும் தொல்லை.

பயிற்சிக்கு என்றால் கதை வேறு. லூப் பெடல் போல முகத்துக்கு நேராகக் குறை சொல்லும் வாத்தியார் கிடையாது. ஒரு கணக்குப் போடுவோம். ஆதி தாளம், ஓர் ஆவர்த்தனத்துக்கு 8 அடி. நிமிடத்துக்கு 100 அடி வேகம் என்றால் ஓர் அடிக்கு 0.6 நொடி, ஆவர்த்தனத்துக்கு 4.8 நொடி. நீங்கள் லூப்பை மூடும்போது கால் வெறும் 0.05 நொடி தாமதமாக மிதித்தது என்று வையுங்கள். ஒவ்வொரு சுற்றும் 4.85 நொடி ஆகிவிடும். 12 சுற்றில் 0.6 நொடி, அதாவது ஒரு முழு அடி பின்னால் போயிருப்பீர்கள். ஏறக்குறைய ஒரு நிமிடத்திலேயே இது நடந்துவிடும். போன் மெட்ரோனோமைப் பக்கத்தில் ஓட விட்டுக் கேட்டால் நன்றாகவே தெரியும். கடிகாரம் செய்யும் ஊரில் இருந்துகொண்டு நேரத்தைத் தவறவிடலாமா?

வாசிக்கும்போது நமக்கு நம் தவறு கேட்பதில்லை. விரலில்தான் கவனம் இருக்கும். லூப் சுழலும்போது கை சும்மா இருப்பதால் காது திறக்கிறது. ஒரு சுரம் நீண்டுவிட்டது, ஒரு தட்டு முந்திவிட்டது என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். இந்த ஒரு பயனுக்காகவே அதை வாங்கலாம் என்கிறேன்.

இப்போது வரிசைக்கு வருகிறேன். பணம் கைக்கு வந்தால் இப்படிச் செலவு செய்யுங்கள்.

முதலில், கையில் இருக்கும் கிட்டாரையே சரி செய்யுங்கள். புதுக் கம்பி போட்டு, கழுத்து வளைவையும் கம்பி உயரத்தையும் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரி செய்தால் சாதாரணக் கிட்டாரும் பாதி விலை கூடியது போல ஒலிக்கும். கம்பி உயரமாக இருந்தால் விரல் வலிக்கும், சுருதியும் மேலே மேலே போகப் பிசகும். அந்தப் பிசகை எந்தப் பெடலும் திருத்தாது.

இரண்டாவது, ஒரு ட்யூனர். பேஸின் கனத்த கம்பி நொடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. ஐந்து கம்பி பேஸ் என்றால் கீழ்க்கம்பி 31 முறை. சில மலிவான ட்யூனர்கள் இவ்வளவு தாழ்ந்த ஒலியில் தடுமாறும். அப்போது 12-ஆவது கட்டில் கம்பியை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் ஒலியை எடுத்தால் அதிர்வு இரட்டிப்பாகும், முள் நிலையாக நிற்கும். லூப் வைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 41-க்கும் 42-க்கும் உள்ள வித்தியாசம் நொடிக்கு ஒருமுறை "வா... வா..." என்று ஊதி அடங்கும். பதினொன்றாம் வகுப்பில் விம்மல்கள் என்று படித்தீர்களே, அதேதான்.

மூன்றாவது, பேஸுக்கென்றே செய்த ஆம்ப், நல்ல கேபிள், எர்த் உள்ள மின் இணைப்பு. கிட்டார் ஆம்பில் பேஸைச் சத்தமாக வைத்தால் ஸ்பீக்கர் கிழியும். வாடகை வீட்டில் இரவு இரண்டாவது ஷிப்ட் முடித்து வந்து வாசிப்பவர்கள் ஹெட்போன் துளை உள்ள ஆம்பாகப் பார்த்து வாங்குங்கள். சின்ன லூப் பெடல்கள் பலவற்றில் அந்தத் துளை கிடையாது.

எர்த் பற்றி அழுத்திச் சொல்கிறேன். கிட்டார்க் கம்பி, கேபிள் வழியாக ஆம்பின் உலோக உடம்போடு இணைந்திருக்கிறது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின் துளையில் செருகுகிறவர்களை நம் ஊரில் நிறையப் பார்க்கிறேன். ஆம்பில் எங்காவது மின்கசிவு இருந்தால் அது கம்பிக்கு வரும். கையில் கிட்டாரோடு எர்த் ஆன மைக்கை உதட்டால் தொட்டால் மின்சாரம் உங்கள் வழியாகப் பாயும். 1972-ல் ஸ்காட்லாந்தின் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸிலுள்ள ஸ்வான்ஸி நகரில் மேடையிலேயே எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். ஜெனரேட்டர் வைத்த திருவிழா மேடையில் ஏறும் முன் எலக்ட்ரீஷியனிடம் எர்த் இருக்கிறதா என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

நான்காவதுதான் லூப் பெடல். ஒரே ஒரு பட்டன், ஒரே ஒரு வால்யூம் திருகு உள்ளதே பயிற்சிக்குப் போதும். டிசி எலக்ட்ரானிக் டிட்டோ 5 நிமிடம் வரை பதியும். பாஸ் நிறுவனத்தின் ஆர்சி-1 12 நிமிடம் வரை பதியும், லூப் எங்கே ஓடுகிறது என்பதை வட்டமாக விளக்கு எரிந்து காட்டும். புதிதாகப் பழகுபவருக்கு அந்த விளக்கு நல்ல உதவி. அதே நிறுவனத்தின் ஆர்சி-5-ல் தாள வாத்திய ஒலிகளும் 99 சேமிப்பு இடங்களும் உண்டு. தாளத் துணை வேண்டும் என்றால் அதைப் பார்க்கலாம். நாம் பதியப்போவது 4 அல்லது 8 ஆவர்த்தனம். அதற்குமேல் உள்ள மணிக்கணக்கெல்லாம் விளம்பரத்துக்குத்தான் உதவும்.

வாங்கும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். ஒன்று, நிறுத்துவது எப்படி? ஒரே பட்டன் பெடலில் நிறுத்த இரண்டு முறை வேகமாக மிதிக்க வேண்டும். அது கைவராதவர்கள், நிறுத்தத் தனிப் பட்டன் உள்ளதை வாங்கலாம். இரண்டு, பழையதாக வாங்கினால் பட்டனையும் துளைகளையும் பத்து நிமிடமாவது மிதித்தும் அசைத்தும் பார்த்து வாங்குங்கள். பெங்களூரில் ஆசையாய் வாங்கி ஆறு மாதத்தில் விற்பவர்கள் நிறைய. நல்ல பெடல் பாதி விலைக்கே கிடைக்கும். மூன்று, அடாப்டர். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை மைனஸ். வீட்டு வைஃபை ரவுட்டர் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை பிளஸ். துளையில் சரியாகப் பொருந்தும், ஆனால் பெடல் செத்துப்போகலாம். எஸ்.பி. ரோட்டில் அடாப்டர் வாங்கினாலும் அதன் மேல் உள்ள பிளஸ் மைனஸ் படத்தைப் பார்த்து வாங்குங்கள். மில்லிஆம்பியர் தேவைக்குக் குறையக் கூடாது, கூடினால் பரவாயில்லை. டிட்டோவுக்கு 100, ஆர்சி-5-க்கு 170 வேண்டும்.

இணைக்கும் வரிசை: கிட்டார், ட்யூனர், வேறு எஃபெக்ட் இருந்தால் அவை, கடைசியில் லூப், பிறகு ஆம்ப். அப்போதுதான் முதல் பதிவை ஒரு ஒலியிலும் அடுத்ததை வேறு ஒலியிலும் வைக்க முடியும். இரண்டு கனத்த வரிகளை ஒன்றன்மேல் ஒன்று போடாதீர்கள், சேறாகிவிடும். கீழே ஒரு வரி போட்டால், மேலே அடுத்த ஸ்தாயியில் ஒன்று, அல்லது கம்பியை அமுக்கித் தட்டும் தாளம் ஒன்று. அத்தோடு நிறுத்துங்கள்.

கம்ப்ரெசர், டிஐ பாக்ஸ், டிஸ்டார்ஷன் எல்லாம் இதற்குப் பிறகு. அதிலும் மேடையில் அடிக்கடி வாசிப்பவருக்கு டிஐ பாக்ஸ் முதலில். மிக்ஸர் வரை நீளும் ஒயரில் இரைச்சல் ஏறாமல் காப்பது அதுதான். நூறு ஒலி தரும் மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியில் பேஸ்காரர் உண்மையில் பயன்படுத்துவது நான்கைந்துதான்.

தவணைக்கு நான் ஏன் இவ்வளவு எதிர்ப்பு என்றும் சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேர் ஒப்பந்த வேலையில் இருக்கிறீர்கள். ஆர்டர் குறைந்தால் வேலை நின்றுபோகும், தவணை நிற்காது. பெடலுக்காக வாங்கிய கடனை அடைக்கக் கிட்டாரையே விற்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். கடன் இருக்கும்போது வாசிப்பில் மனம் நிற்காது. இரண்டு கல்யாணக் கச்சேரிப் பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். அது சேர்வதற்குள் உங்களுக்கு அது உண்மையிலேயே தேவையா என்பதும் தெரிந்துவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "மூணு பேர் வாசிச்சா பேஸ் யாருக்குக் கேக்குது?" என்று கேலி செய்யாதீர்கள். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டை எடுத்து, கிட்டாரை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸை மட்டும் கேளுங்கள். இளையராஜாவிடம் பல ஆண்டுகள் வாசித்த சசிதரனின் கை அது. லூப்பும் இல்லை, பெட்டி பெட்டியாய்க் கருவியும் இல்லை. எழுதிக் கொடுத்ததை நேரம் தவறாமல் வாசித்த விரல்கள்தான். ஏ.ஆர். ரகுமானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸும், இள வயதிலேயே அவர் மேடைக்கு வந்த மோகினி டேயும் அப்படித்தான் பெயர் வாங்கினார்கள். உங்கள் மகள் பேஸ் வேண்டும் என்றால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள்.

கடைசியில் வீட்டுப்பாடம், பழைய வழக்கப்படி. போனில் இலவசமாக ஒரு லூப் செயலி இறக்கிக்கொள்ளுங்கள். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு போனைத் தொடுவது சிரமம்தான், ஆனால் சோதித்துப் பார்க்கப் போதும். நான்கே சுரம் உள்ள எளிய வரி, ஓர் ஆவர்த்தனம். மெட்ரோனோமோடு ஐந்து நிமிடம் விலகாமல் ஓட வேண்டும். ஒரு வாரம், தினம் 15 நிமிடம் செய்யுங்கள். ஏழு நாளும் செய்தவர் பெடல் வாங்கலாம், அது பயன்படும். மூன்றாம் நாளே சலித்தவருக்குப் பெடல் வாங்கினாலும் சலிக்கும். அந்தப் பணத்தில் புதுக் கம்பி போட்டுக்கொள்ளட்டும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். மேடையில் லூப் வைத்து நன்றாக வாசிப்பவர் யாராவது இருந்தால் வீடியோ போடுங்கள், கேட்டுவிட்டு மதிப்பெண் போடுகிறேன். யார் யார் வீட்டுப்பாடம் செய்தீர்கள் என்று அடுத்த ஞாயிறு கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் ஆசிரியர், ஓசூர்