ஆட்டுக்கு எதற்கு இ.சி.ஜி.?

செம்மறி வளர்ப்பு பற்றிய ஆங்கிலக் குறிப்பு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். 'பன்னிரண்டாம் நாள் இ.சி.ஜி.' என்றிருந்தது. ஆட்டுக்கு நெஞ்சுவலியா என்று ஒரு கணம் திகைத்தேன். விஷயம் வேறு.

நூறு பெட்டை ஆடுகளை ஒரே சமயத்தில் பருவத்துக்கு வரவழைக்கும் வித்தை அது. இயல்பில் ஒவ்வோர் ஆடும் சுமார் 17 நாளுக்கு ஒருமுறை தன் போக்கில் பருவத்துக்கு வரும். புரோஜெஸ்டிரோன் ஊறிய பஞ்சைப் பிறப்புறுப்பில் வைத்தால், அது இருக்கும்வரை கருமுட்டை வெளிப்படாது. பஞ்சை உருவி ஊசி போட்டதும் இரண்டு மூன்று நாளில் மந்தையில் பெரும்பகுதி பருவத்துக்கு வந்துவிடும். ராஜஸ்தானில் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையம் 'அவிகேசில்-எஸ்' என்று உள்நாட்டுப் பஞ்சே தயாரித்திருக்கிறது.

லாபம் நிஜம். ஐந்து மாதம் கழித்து குட்டிகள் ஏறக்குறைய ஒரே வாரத்தில் பிறக்கும். ராத்திரி கண்விழிப்பது குறையும். ஒரே வயதுக் குட்டிகளைச் சந்தைக்கு ஓட்டலாம். செயற்கைக் கருவூட்டலுக்கு இப்படி நாள் குறித்தால்தான் வசதி.

இடறுவது அந்த மூன்றெழுத்துதான். தமிழில் விரித்து எழுதினால் 'சினைக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த ஹார்மோன்' என்றாகிறது. 1930ல் கலிஃபோர்னியாவில் கோல், ஹார்ட் என்ற இருவர் கண்டறிந்தது. சினையான சுமார் 40ஆம் நாளிலிருந்து சில வாரங்கள்தான் குதிரையின் ரத்தத்தில் இது ஏராளமாக இருக்கும். ஐஸ்லாந்தில் அந்த வாரங்களில், வாரம் ஒருமுறை, தடவைக்கு ஐந்து லிட்டர் வரை ரத்தம் எடுத்தார்கள். குதிரைகளை அடித்துக் கூண்டுக்குள் தள்ளும் வீடியோ 2021ல் வெளியானபோதுதான் உலகம் பதறியது.

வேறு வழி இல்லாமல் இல்லை. கிடாய்களைச் சில வாரம் பார்வைக்கும் வாடைக்கும் எட்டாத தூரத்தில் வைத்திருந்து திடீரென மந்தையில் விட்டால், பருவம் அடங்கிக் கிடக்கும் ஆடுகள் பல விழித்துக்கொள்ளும். ஊசியின் துல்லியம் இதில் கிடைக்காது. குட்டிகள் சில வாரம் முன்பின்னாகப் பிறக்கும். கிடாயைக் கொண்டே சினையாக்கும் மேய்ப்பருக்கு அது பெரிய நஷ்டமில்லை. கருவூட்டலுக்கு நாள் குறிப்பவருக்கு நஷ்டம்தான்.

ஊசி வேண்டுமா, வேண்டாமா என்பதை ஆட்டுக்காரர் முடிவு செய்யட்டும். ஆனால் அவரிடம் அதைச் சுருக்கெழுத்தில் விற்கக் கூடாது. என் மொழிபெயர்ப்பில் குதிரையை எழுதிவிட்டேன்.