சலானுக்கு ஒரு ஹெல்மெட், பிள்ளைக்கு வெறுந்தலை

அப்பாக்களே, அம்மாக்களே, பள்ளி நேரத்தில் தாராவி 90 அடி சாலையில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஹெல்மெட்டை முழங்கையில் தொங்கவிட்டபடி வண்டி ஓட்டி வருகிற அப்பா, சிக்னல் நெருங்கியதும் அதை அவசரமாகத் தலையில் கவிழ்க்கிறார். பட்டையைப் பூட்டுவதில்லை. முன்னால், கண்ணாடிக் கம்பியைப் பிடித்தபடி நிற்கும் பிள்ளைக்கு வெறுந்தலை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வண்டியின் விலை கூடியிருக்கும், கூத்து இதேதான்.

கேட்டால் பதில் தயார். “ஸ்கூல் இதோ பக்கத்துலதானே!” பக்கம்தான் என்றால் நடத்தியே கூட்டிப் போகலாமே? “வச்ச பூ கசங்கிடும்.” “குழந்தைக்கெல்லாம் ஹவல்தார் சலான் போட மாட்டார்.” இந்தக் கடைசிப் பதிலில்தான் குட்டு உடைகிறது. நாம் ஹெல்மெட் போடுவது தலைக்காக இல்லை, சலானுக்காக.

பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று 2022 ஜூனில் மும்பை டிராஃபிக் போலீஸ் கறார் காட்டியபோது முணுமுணுத்தோம். சட்டமோ, நான்கு வயது தாண்டிய எல்லோருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்கிறது. அதற்கும் சின்னப் பிள்ளை என்றால், 2023 பிப்ரவரி முதல் ஹெல்மெட்டோடு, ஓட்டுபவருடன் சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நம்மில் எத்தனை பேர் அந்தப் பட்டையைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்?

2022-ல் ஹெல்மெட் இல்லாமல் போய் விபத்தில் இறந்தவர்கள் நாடு முழுக்க 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்ல, அடுத்தவரை நம்பி ஏறியவர்கள்.

பெரியவர் ஹெல்மெட்டைப் பிள்ளைக்குக் கவிழ்த்துச் சமாளிக்காதீர்கள். விழுந்தால் முதலில் கழன்று ஓடுவது அதுதான். கடைக்குப் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள். மாட்டிவிட்டுத் தலையை ஆட்டச் சொல்லுங்கள். ஆடாமல் கவ்வி நிற்பதை வாங்குங்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல்தான் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. அதனால் ஒருமுறை விபத்தில் அடிபட்டதை மறுபடி மாட்டாதீர்கள். காசு அதிகம் என்கிறீர்களா? டியூஷனுக்கு மாதாமாதம் கொட்டிக் கொடுக்கிறோமே, அதெல்லாம் எந்தத் தலைக்குள் ஏறுவதற்கு?

இன்னொன்று. போலீஸ் இல்லாத கல்லியில் நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று பிள்ளை தினமும் பார்க்கிறது. 18 வயதில் அது பைக் சாவி கேட்கும்போது நீங்கள் சொல்லும் புத்திமதி காதில் ஏறாது. இன்று பார்த்ததுதான் கைக்கு வரும். பிள்ளைக்கு ஹெல்மெட் வாங்கும்வரை சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, பெஸ்ட் பஸ்ஸைப் பிடியுங்கள்.