வாயில்லா ஜீவனுக்கு அளந்து சோறு வையுங்கள்

"எங்கள் நாயைப் பாருங்கள், கொழுகொழுவென்று எப்படி இருக்கிறது!" என்று பெருமைப்படுபவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கேட்பவர்களும் மகிழ்ச்சியுடன் தலையாட்டுவார்கள். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், கிரேட் டேன் போன்ற பெரிய இன நாய்களைப் பொறுத்தவரை இது பெருமைப்பட வேண்டிய செய்தி அல்ல, கவலைப்பட வேண்டிய செய்தி என்பது என் கருத்து. அந்த நாயின் மூட்டுகளைக் கெடுக்கக்கூடிய காரணங்கள் பல. அவற்றுள் முழுக்க முழுக்க நம் கையில் இருப்பது அதன் சோற்றுத் தட்டுதான்.

பெரிய நாய்க்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை? விடை உங்கள் கணக்குப் பாடத்திலேயே இருக்கிறது. ஒரு கனசதுரத்தின் பக்கத்தை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். அதன் பரப்பு 4 மடங்காகும். கன அளவோ 8 மடங்காகிவிடும். விலங்கின் எடை கன அளவைப் பொறுத்தது. எடையைத் தாங்கும் எலும்பின் வலிமையோ குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. ஆகவே உருவம் பெருக்கப் பெருக்க, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மூட்டும் தாங்க வேண்டிய சுமை கூடிக்கொண்டே போகிறது. 1638-இல் வெளியான தம் நூலில் கலிலியோ இந்த உண்மையை விளக்கியிருக்கிறார்.

வளர்ச்சியின் வேகம் மற்றொரு காரணம். பிறக்கும்போது ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள கிரேட் டேன் குட்டி, ஓராண்டு முடிவதற்குள் 45 கிலோவைத் தாண்டிவிடும். மனிதக் குழந்தை 18 ஆண்டுகளில் பெறுகின்ற எடையை இது சில மாதங்களில் எட்டிவிடுகிறது. எலும்பாக இறுகாத குருத்தெலும்பின்மேல் அத்தனை பாரமும் இறங்குகிறது.

இடுப்பு மூட்டை எடுத்துக்கொள்வோம். தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் பொருந்திச் சுழல்கிறது. சில குட்டிகளில் இந்தப் பொருத்தம் தளர்ந்துவிடுகிறது. பந்து ஆட்டம் காண்கிறது; கிண்ணம் ஆழமாக வளர்வதில்லை; நாளடைவில் குருத்தெலும்பு தேய்ந்து மூட்டழற்சி உண்டாகிறது. குருத்தெலும்பில் இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. இரத்தக் குழாய் இல்லாததால் புண் எளிதில் ஆறுவதில்லை. நரம்பு இல்லாததால் தேய்மானத்தின் தொடக்கத்தில் வலி தெரிவதில்லை. நாய் நொண்டத் தொடங்கும்போது கேடு வெகுதூரம் போயிருக்கும்.

இந்தக் குறை பரம்பரையாக வருவது என்பது உண்மையே. ஒன்றல்ல, பல ஜீன்கள் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன. இதற்காகவே அமெரிக்காவில் 1966-இல் ஒரு தனி அமைப்பு தொடங்கப்பட்டது. இனப்பெருக்கத்துக்கு முன் நாய்களின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துச் சான்றளிப்பது அதன் பணி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதைக் கேட்டவுடன், "ஜீனில் எழுதியிருந்தால் நாம் என்ன செய்ய முடியும்?" என்று கையை விரித்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் தகுந்த பதில் சொல்லும் ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி அது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் இரண்டிரண்டாகச் சேர்க்கப்பட்டன. இரண்டுக்கும் ஒரே உணவு. அளவில் மட்டும் வேறுபாடு. ஒன்று உண்ட அளவில் 25 சதவீதம் குறைத்து மற்றதற்குக் கொடுத்தார்கள். 5 வயதில் எக்ஸ்ரே எடுத்தபோது, அதிகம் உண்டவற்றில் 52 சதவீத நாய்களுக்கு இடுப்பில் மூட்டழற்சி காணப்பட்டது. குறைவாக உண்டவற்றில் அது 13 சதவீதமே. ஆராய்ச்சி அத்துடன் நிற்கவில்லை. நாய்களின் ஆயுள் முழுவதும் தொடர்ந்தது. முடிவு 2002-இல் வெளியாயிற்று. அதிகம் உண்ட பிரிவில் பாதி நாய்கள் 11.2 வயதுக்குள் இறந்துவிட்டன. குறைவாக உண்ட பிரிவு அந்தப் பாதிக் கணக்கை எட்டியது 13 வயதில்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அதிகம் உண்ட நாய்களும் நடக்க முடியாதபடி பருத்தவை அல்ல. 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று நாம் சொல்லக்கூடிய அளவே பருத்திருந்தன. இரண்டாவது, இந்த ஆராய்ச்சியை நடத்தியது நாய் உணவு விற்கும் ஒரு நிறுவனம். வியாபாரியின் செலவில் நடக்கும் ஆராய்ச்சியைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது விஞ்ஞான மாணவனின் கடமை. ஆனால் தன் சரக்கைக் குறைவாக வாங்கச் சொல்லும் முடிவை அந்த வியாபாரியே வெளியிட்டால், அதற்கு மதிப்புக் கூடத்தான் செய்கிறது.

"வாயில்லா ஜீவனைப் பட்டினி போடலாமா? சாப்பிடும்போது நம் முகத்தையே பார்க்கிறதே!" என்று பாட்டியும் அத்தையும் கேட்பார்கள். இரக்கத்தில் எழுகின்ற கேள்வி இது. ஆயினும் அந்தப் பார்வையை நம்பக்கூடாது. லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்த செய்தியை மூளைக்கு உணர்த்த உதவும் ஒரு ஜீனின் பகுதி இல்லை என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2016-இல் கண்டறிந்தனர். எவ்வளவு உண்டாலும் அதற்குப் பசி அடங்குவதில்லை. அதன் பார்வைக்கு இரங்கி நாம் போடும் ஒவ்வொரு பிஸ்கட்டும் அதன் மூட்டில் போய் இறங்குகிறது. நான் பட்டினியை ஆதரிக்கவில்லை, அளவை ஆதரிக்கிறேன்.

அன்பின் பெயரால் செய்யும் மற்றொரு தவறு கால்சியம் மருந்து. 'பெரிய நாய், எலும்பு பலமாக வேண்டும்' என்று குட்டிக்குப் புட்டி புட்டியாக ஊற்றுகிறார்கள். வளர்ந்த நாயின் குடல், தேவைக்கு மேற்பட்ட கால்சியத்தை ஓரளவு தடுத்துவிடும். சில மாதக் குட்டியின் குடலுக்கு அந்தத் திறன் இல்லை. 1980-களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளுக்கு மிகுதியான கால்சியம் கொடுத்துப் பார்த்தபோது, எலும்புகள் பலப்படுவதற்குப் பதிலாக அவற்றின் வளர்ச்சி கோளாறடைந்தது. வெறும் சோறும் கறியும் மட்டுமே தின்னும் குட்டிக்குக் கால்சியம் குறைவதும் உண்டு. ஆகையால் கொடுப்பதா வேண்டாமா என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மூட்டுக்கென்று விற்கப்படும் குளுக்கோசமைன் மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல ஆராய்ச்சிகளை ஒருங்கே தொகுத்து ஆராய்ந்த கனடா நாட்டு விஞ்ஞானிகள், இம்மாத்திரைகளால் நாய்களின் வலி குறைவதாகச் சான்று இல்லை என்று 2022-இல் அறிவித்தனர். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களுக்கு ஓரளவு பயன் இருப்பதாகவும் கண்டனர். எடையைக் குறைக்காமல் மாத்திரை வாங்குவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போன்றது.

அப்படியானால் என்ன செய்யலாம்? நாயின் விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடை குறுகித் தெரிய வேண்டும். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடைப்பொறியில் நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று கழித்தால் போதும். தூக்க முடியாத நாயை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது நிறுத்துவிடலாம். உணவை ஒரே கோப்பையால் அளந்து வையுங்கள். எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழுக்கும் டைல்ஸ் தரையில் பழைய ஜமுக்காளம் விரித்துவையுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டியைப் படியேற விடாதீர்கள். அவ்வாறு ஏறும் குட்டிகளுக்கு இடுப்புக் குறை கூடுதலாக வருவதாகவும், பூங்கா போன்ற மென்மையான தரையில் இஷ்டம்போல் ஓடியாடும் குட்டிகளுக்கு அது குறைவதாகவும் நார்வேயில் நடந்து 2012-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. நாய் எழுந்திருக்கத் தடுமாறினாலோ, பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் போல் தாவி ஓடினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். நாம் உண்ணும் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது நாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இனி குட்டி வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாய், தந்தை நாய்களின் இடுப்பு எக்ஸ்ரேயைக் காட்டும்படி கேளுங்கள். விற்பவர் முதலில் சிரிக்கலாம். பத்துப் பேர் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். நூறு பேர் கேட்டால் எக்ஸ்ரே எடுக்கத் தொடங்கிவிடுவார்.

பல வீடுகளில் நாய்க்குச் சோறு வைப்பது பெரியவர்கள் அல்ல, உங்களைப் போன்ற மாணவர்களே. ஆகவே இந்தப் பொறுப்பு உங்களுடையது. இன்று மாலை தட்டில் சோறு வைக்குமுன், ஒரு கோப்பையை எடுத்து அளந்து பாருங்கள்.