முதுகில் திரையில்லாத காமிரா

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரிலுள்ள லைக்கா நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் எம்-டி என்னும் டிஜிட்டல் காமிராவை வெளியிட்டபோது, அதன் முன்புறத்தில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அறுபது ஆண்டுகளாக அந்நிறுவனம் செய்துவந்த அதே வடிவந்தான். விசேஷம் பின்புறத்தில் இருந்தது. எடுத்த படத்தை உடனே காட்டும் திரை இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு உறை போர்த்தியிருந்தது. அதன் நடுவே, ஒளியுணர்திறனை 200-லிருந்து 6400 வரை மாற்றிக்கொள்வதற்கு ஒரு வட்டத் திருகு. எடுத்ததைப் பார்க்க வழியில்லை, அழிக்கவும் பொத்தானில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, எம் வரிசையின் அறுபதாம் ஆண்டு நினைவாக 600 காமிராக்கள் மட்டும் இவ்விதம் திரையின்றிச் செய்யப்பட்டிருந்தன. அதை விழாக்கால விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 2018-இல் எம்10-டி, 2024-இல் 60 மெகாபிக்ஸல் கொண்ட எம்11-டி என்று அவ்வழக்கம் தொடர்வதையும், பிரான்சில் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன பெசான்சோன் நகரத்துச் சிறு நிறுவனமான பிக்ஸீ, திரையற்ற ரேஞ்ச்ஃபைண்டர் காமிராவையே தன் ஜீவனமாகக் கொண்டிருப்பதையும் பார்க்கும்போது, இவற்றை வாங்குகிற மனிதர்களுக்கு மெய்யான தேவை ஏதோ ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தத் தேவையைப் பழமை மோகம் என்று பலர் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மோகமும் ஓரளவு உண்டுதான். எம்10-டியில் பிலிம் நகர்த்தும் பழைய நெம்புகோலின் சாயலில் கட்டைவிரலுக்கு ஒரு தாங்கியை வைத்திருப்பது அந்த மோகத்துக்குச் செய்யும் உபசாரமே. நகர்த்துவதற்கு உள்ளே பிலிம் இல்லாதபோது அந்த வேஷம் எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் திரையை நீக்கியது வேறு காரியம். படமெடுக்கிறவன் எதிரே நிற்கும் மனிதரிடமும் அவர்மேல் விழும் வெளிச்சத்திடமும் செலுத்தவேண்டிய கவனத்தை, ஒவ்வொரு படத்துக்கும் ஒருமுறை அவனிடமிருந்து பறித்துக்கொண்டிருந்த பொருளை அது அப்புறப்படுத்தியிருக்கிறது. சமீப காலத்தில் காமிராவுக்கு நேர்ந்த மாறுதல்களில் இதைவிட உபகாரமானது வேறொன்றில்லை என்பது என் அபிப்பிராயம்.

லைக்காவின் எம் காமிராக்களும் ரேஞ்ச்ஃபைண்டர் வகையைச் சேர்ந்தவையே; அதைக் கையாண்டிராத வாசகர்களுக்காக அதன் அமைப்பைச் சற்றுச் சொல்லவேண்டும். காமிராவின் முன்புறத்தில், ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில், பெரிதும் சிறிதுமாக இரண்டு கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன. பெரிய ஜன்னலின் வழியே காட்சி நேராகக் கண்ணுக்கு வருகிறது. சிறிய ஜன்னலின் வழியே வரும் அதே காட்சி உள்ளே திருப்பப்பட்டு, முதற்காட்சியின் மத்தியில் ஒரு சிறு கட்டத்துக்குள் வந்து படிகிறது. லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப, இரண்டாகத் தெரிந்த எதிராளியின் சட்டைப் பித்தான் ஒன்றையொன்று நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே பித்தானாகிவிடுகிற அந்த நொடியில் தூரம் சரியாக அமைந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறோம். லென்ஸ் என்ன பார்க்கிறது என்பதை இந்த யந்திரம் நமக்குக் காட்டுவதே இல்லை. நாம் பார்ப்பது நம் கண்முன் இருக்கும் உலகத்தைத்தான், அதன்மேல் படத்தின் எல்லையைக் குறிக்கும் மெல்லிய வெள்ளைக் கோடுகள் மிதந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கோடுகளுக்கு வெளியே நடப்பதும் தெரிகிறபடியால், ஓடிவரும் ஒரு குழந்தை சட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பே அதன் வரவை நாம் அறிந்து காத்திருக்க முடிகிறது. ரிஃப்ளெக்ஸ் காமிராவில் ஷட்டர் திறக்கும் சமயத்தில் உள்ளிருக்கும் கண்ணாடி மேலெழுந்து காட்சியை மறைத்துவிடும். இதில் அந்த மறைவும் கிடையாது.

ஆக, பார்வையை ஒரு கணமும் துண்டிக்காமலிருப்பதே இவ்வகைக் காமிராவின் ஜீவநாடி. 1954-இல் லைக்கா எம்3 வெளிவந்த நாள்முதல் அதை விரும்பியவர்கள் விரும்பியது இதற்காகத்தான். அன்று அதற்கென்று செய்த லென்ஸ் இன்றைய எம்11-டியிலும் பொருந்துகிறது. அப்படிப்பட்ட ஒரு கருவியின் முதுகில் திரையைப் பொருத்தியதும், முன்புறத்தில் எவ்வளவோ கவனத்தோடு காப்பாற்றிய தொடர்ச்சியைப் பின்புறத்தில் நாமே அறுத்தெறிந்துவிட்டோம்.

திரை காமிராவோடு கூடப்பிறந்ததல்ல. ஸ்டீவன் சாஸன் 1975-இல் கோடக் நிறுவனத்தில் உருவாக்கிய முதல் டிஜிட்டல் காமிரா, ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவுசெய்ய 23 விநாடி எடுத்துக்கொண்டது. அதைப் பார்ப்பதற்குத் தனியே ஒரு யந்திரமும் தொலைக்காட்சிப் பெட்டியும் வேண்டியிருந்தன. 1995-இல் விற்பனைக்கு வந்த காஸியோ க்யூவி-10 போன்றவைதாம் பின்புறத் திரையைச் சாதாரண ஜனங்களின் கைக்குக் கொண்டுவந்தன. அதன்பின் பிறந்த தலைமுறைக்கு, படமெடுப்பதும் எடுத்ததைக் குனிந்து பார்ப்பதும் ஒரே செயலின் இரண்டு பாதிகளாகிவிட்டன.

அந்தக் குனிதலில் நாம் இழப்பது என்ன? தெருவோரத்தில் கீரை விற்கும் ஒரு பாட்டியைப் படமெடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காமிராவைக் கண்டதும் அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, உதடுகளை இறுக்கி, நிமிர்ந்து உட்காருகிறார்; அது ஊருக்குக் காட்டுகிற முகம். ஷட்டர் ஓசை கேட்டதும் தோள்கள் தளர்கின்றன, காரியம் முடிந்தது என்று மூச்சு வெளிவருகிறது, பக்கத்திலிருப்பவரைப் பார்த்து வெட்கத்தோடு ஒரு சிரிப்புச் சிரிக்கிறார். எடுக்கவேண்டிய படம் அந்தச் சிரிப்புத்தான். அது நிகழ்கிற இரண்டு விநாடியில் படக்காரருடைய தலை கவிழ்ந்திருக்கிறது, முதல் முகம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அவர் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார். கடந்துபோன கணத்துக்கு நீதிபதியாக உட்கார்ந்தவருக்கு, நடக்கிற கணத்தின் சாட்சியாக இருக்க முடிவதில்லை.

பிலிம் காலத்துக் கலைஞர்களுக்கு இந்தச் சபலம் ஏற்படவே வழியில்லாமலிருந்தது. சிறிய லைக்காவும் 50 மில்லிமீட்டர் லென்ஸுமாகவே பெரும்பாலும் உலகைச் சுற்றிய ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸான், 1948 ஜனவரி 30-ஆம் தேதி, காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்று முன்புதான் அவரைச் சந்தித்துவிட்டு வந்திருந்தார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் அந்திம நாட்களில் திருவண்ணாமலையில் இருந்தார். எடுத்த சுருள்களைக் கழுவி அச்சிடுகிற வேலையைப் பெரும்பாலும் பிறரிடமே விட்டுவிட்ட அவர், எடுத்த இடத்தில் நின்று தம் படத்தைத் தாமே சரிபார்த்துக்கொண்டவரல்லர். மீண்டும் வராத நாட்களின் முன் நின்ற ஒரு மனிதர் அவ்விதம் வேலைசெய்ய முடிந்தது என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைத்தெருவுக்குப் போகிற நமக்கு ஒவ்வொரு படத்துக்கும் அத்தாட்சி எதற்கு?

ஆட்சேபங்கள் உண்டு, அவற்றில் சில நியாயமானவை. திரை வேண்டாமென்றால் அணைத்துவைத்துக்கொள்வதுதானே என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. ஃபியூஜிஃபிலிம் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட எக்ஸ்-ப்ரோ3 காமிராவில் திரையை உட்புறம் நோக்கி மடித்துவைத்து, வேண்டும்போது மட்டும் திறந்து பார்க்கும்படி செய்தது இந்த யோசனையின் நல்ல வடிவமே. ஆனால் இருக்கிற ஒன்றைப் பார்க்காமலிருப்பதற்கும் மனத்தில் ஒரு பங்கைச் செலவிடவேண்டியிருக்கிறது. இல்லாத ஒன்றைப்பற்றி மனம் நினைப்பதே இல்லை. வெளிச்சத்தைக் கணித்ததில் தவறிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் முன்போல் அவ்வளவு பெரிதல்ல. இக்காமிராக்கள் பதிவுசெய்கிற மூலக்கோப்பில், இருளில் அமிழ்ந்த பகுதிகளைப் பிறகு வெகுவாக மீட்டுக்கொள்ளலாம். புதிதாகக் கற்றுக்கொள்கிற மாணவனுக்கோ திரை மகத்தான ஆசிரியன்; லென்ஸின் துவாரத்தையும் ஷட்டரின் வேகத்தையும் மாற்றினால் என்ன ஆகிறது என்பதை அது உடனுக்குடன் பிரத்தியட்சமாகக் காட்டுகிறது. அவனிடமிருந்து அதைப் பிடுங்கவேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். முகூர்த்த நேரத்தில் ஒரு படமும் தவறக்கூடாத கல்யாணப் படக்காரருக்கும், அடுத்த பதிப்புக்குப் படம் அனுப்பவேண்டிய பத்திரிகைக்காரருக்கும்கூட இது ஏற்ற கருவியல்ல.

என்னை நெடுநேரம் யோசிக்கவைத்த ஆட்சேபம் வேறொன்று. படத்தில் அகப்பட்ட மனிதர், “எப்படி விழுந்திருக்கு, கொஞ்சம் காட்டுங்க” என்று கேட்கிறார். தம் முகத்தைத் தாம் பார்க்கவேண்டும் என்று கேட்பது அவருடைய உரிமை. திரை வந்த பிறகுதான், எடுக்கிறவருக்கும் எடுக்கப்படுகிறவருக்கும் நடுவே இருந்த ஏற்றத்தாழ்வு சிறிதளவாவது குறைந்தது. அந்த உரிமையை அழித்துவிட்டு ஏகாக்கிரத்தைச் சம்பாதிப்பது தர்மமாகுமா? எம்10-டி, எம்11-டி, பிக்ஸீ ஆகியவை கைபேசியோடு இணைந்து படத்தை அதில் காட்டக்கூடியவை என்பதால், கேட்பவருக்குக் காட்ட வழி அடைபட்டுவிடவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அந்த வசதியும் இல்லாத 2016-ஆம் ஆண்டுக் காமிராவை வைத்திருப்பவர், கேட்டவருக்குப் படத்தின் பிரதி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்றே நான் நினைக்கிறேன். அந்தக் கடமையை ஏற்க மனமில்லாதவர் அக்காமிராவைத் தெருவுக்கு எடுத்துச் செல்லாமலிருப்பது நலம்.

விலையைப்பற்றித்தான் எனக்கு உண்மையான வருத்தம். எம்11-டியின் உடல் மட்டும், லென்ஸ் இல்லாமல், அமெரிக்காவில் 9,000 டாலருக்கு மேல். நம் ஊர்க் கணக்கில் பல லட்சம். ரேஞ்ச்ஃபைண்டரின் நுட்பமான ஒளியமைப்பைக் கையால் பொருத்திச் சரிபார்க்கவேண்டியிருப்பதும், விற்பனை எண்ணிக்கை குறைவாயிருப்பதும் அதற்குக் காரணங்கள் என்றாலும், ஒரு பாகத்தை நீக்கியதற்காக அதிகம் கொடுக்கவேண்டிய நிலை மனத்துக்கு ஒவ்வவில்லை. மற்றொரு கோடியில், பள்ளிப்பிள்ளைகளை மனத்தில் வைத்து அமெரிக்காவில் விற்கப்படும் காம்ப் ஸ்னாப் என்ற திரையற்ற சிறு காமிரா சுமார் 65 டாலருக்குக் கிடைக்கிறது. ஆனால் அதில் துவாரத்தையோ வேகத்தையோ தூரத்தையோ எடுப்பவர் தீர்மானிக்க இடமில்லை. நடுத்தர வர்க்கத்து ரசிகன் நிற்கவேண்டிய இடம் இந்த இரண்டுக்கும் நடுவே காலியாகக் கிடக்கிறது. ஜப்பானின் எப்ஸன் நிறுவனம் 2004-லேயே, முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரான ஆர்-டி1-இல், திரையை உட்புறமாகத் திருப்பி மூடிவிட வசதிசெய்து, இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்பதைக் காமிராவின் தலைமேல் கடிகார முள்ளைப்போல ஒரு முள்ளால் காட்டியது. அந்த முள்ளோடு, வேகத்துக்கு ஒரு திருகும் ஒளியுணர்திறனுக்கு ஒரு திருகும் லென்ஸில் ஒரு துவார வளையமும் வைத்து, திரையை அறவே விட்டுவிட்டு, சம்பளக்காரர் ஒருவர் தவணையிலாவது வாங்கக்கூடிய விலையில் ஒரு காமிராவை எந்த நிறுவனம் செய்தாலும் சரி, நான் முன்பணம் கட்டத் தயார்.