மாநிறத்துக்கு ஒரு மானிட்டர்

நான் யார் யாரிடமோ பொய் சொல்லியிருக்கிறேன். மேனேஜரிடம், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டிடம், கடன் கேட்ட சிநேகிதனிடம். ஒரு மானிட்டரிடம் பொய் சொன்னது மட்டும் ஒரே ஒரு தடவை. அந்தக் கதை இது.

என் தங்கை மாநிறம். இதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'களையான முகம்' என்பார்கள். ஜாதகத்தோடு கொடுக்க ஒரு ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தோம். ஸ்டூடியோக்காரர் யாரும் கேட்காமலேயே தாராளமாகச் சிவப்பாக்கித் தந்துவிட்டார். பால்கோவாவுக்குப் பொட்டு வைத்த மாதிரி இருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் போட்டோவைப் பார்த்தார்கள், தங்கையைப் பார்த்தார்கள், கேசரியைப் பார்த்தார்கள். கேசரியை மட்டும் ஏற்றுக்கொண்டு கிளம்பினார்கள். "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள்.

அன்று ராத்திரி அவள் மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கேட்டால், கடல் காற்று வாங்குகிறாளாம். காரைக்காலில் கடல் காற்று வாங்க மொட்டை மாடிக்கா போக வேண்டும்? அடுக்களைக்கே வருமே!

இனி போட்டோ என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். ஆபீஸ் முடிந்து ராத்திரியில் கல்யாண ஆல்பம் செய்து பழக்கமுண்டு. நானே எடுத்து, கம்ப்யூட்டரில் நேர் செய்து, பிரிண்டுக்கு அனுப்பினேன். வந்த படத்தில் தங்கை, கரண்ட் போன நேரத்தில் எடுத்த மாதிரி இருந்தாள். "ஏன் தம்பி, இருக்கறதுக்கு மேலயா கருப்பாக்குவே?" என்றாள் அம்மா. லேப்காரரிடம் சண்டைக்குப் போனேன். "மானிட்டரைப் பாருங்க சார்" என்றார் அவர், நிதானமாக.

அவர் சொன்னது சரி. கடையில் பக்கத்து மானிட்டரைத் தோற்கடிக்க வேண்டுமே என்று வெளிச்சத்தை ஏற்றி வைத்துத்தான் விற்கிறார்கள். படத்தைத் திருத்தும் வேலைக்குச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலா போதும். என்னுடையது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பளீரில் முகம் நன்றாகவே தெரியும். நாமும் 'போதும்' என்று விட்டுவிடுவோம். காகிதத்துக்குப் பின்னால் விளக்கு கிடையாதே!

சென்னை சிநேகிதனிடமிருந்து ஒரு நிறமானி கடன் வாங்கினேன். பார்க்க மௌஸுக்கு மச்சான் மாதிரி இருக்கும். அதைத் திரையில் தொங்கவிட வேண்டும். அதற்கு முன் மானிட்டர் அரை மணி நேரம் சூடாக வேண்டும். என் அறைச் சுவரின் கிளிப்பச்சை கண்ணைக் குழப்பும் என்பதால் சாம்பல் கலர் போர்வையை மாட்டினேன். ஜன்னலைச் சாத்தினேன். "யாருக்குடா சூனியம் வைக்கிறே?" என்றாள் அம்மா.

இங்கே இரண்டு வேலை நடக்கிறது. மீன் மார்க்கெட்டில் ஒரு தராசு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முள்ளை முடிந்த மட்டும் நேராக நிறுத்துவது காலிப்ரேஷன். மானிட்டரில் வெளிச்சம், வெள்ளை, காமா மூன்றையும் நிறுத்துகிறோம். அப்புறமும் தராசு 50 கிராம் கூடக் காட்டினால், '50 கழிக்கவும்' என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுகிறோம் அல்லவா, அதுதான் ப்ரொஃபைல். நிறமானி வண்ணங்களை ஒவ்வொன்றாக அளந்து அந்தச் சீட்டை எழுதிக் கொடுக்கிறது. போட்டோ சாஃப்ட்வேர் அதைப் படித்துக் கழித்துக்கொள்கிறது. சீட்டுக்கு உலகம் முழுக்க ஒரே பாஷை வேண்டுமென்று 1993-ல் ஆப்பிள், அடோபி, கோடக், மைக்ரோசாஃப்ட் உள்பட எட்டு கம்பெனிகள் சேர்ந்து ஐ.சி.சி.யை ஆரம்பித்தன. கிரிக்கெட் ஐ.சி.சி. அல்ல, இது இன்டர்நேஷனல் கலர் கன்சார்டியம்.

அளந்து முடித்தேன். எல்லாம் சரி என்றது கருவி. பக்கத்தில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தால் திரை லேசாக ரோஸ் அடித்தது. கருவி நம்பியிருக்கும் கணக்கு 1931-ல் போட்டது. இங்கிலாந்தில் ரைட் என்பவர் 10 பேரை, கில்ட் என்பவர் 7 பேரை உட்கார வைத்து, கண் நிறத்தை எப்படிப் பார்க்கிறது என்று சோதித்ததில் வந்தது. ஆக மொத்தம் 17 ஜோடிக் கண்கள். அதில் என் கண் இல்லை. இப்போதைய எல்.இ.டி. திரைகளில் சில சமயம் கருவி ஒன்று சொல்லும், நம் கண் வேறு சொல்லும். வழி இருக்கிறது. மானிட்டரின் சிவப்பு, பச்சை, நீலம் பட்டன்களைத் தட்டித் தட்டி, வெள்ளையைக் காகிதத்தோடு கண்ணாலேயே பொருத்திவிட்டு, மறுபடி அளந்து புதுச் சீட்டு எழுத வேண்டும். செய்தேன். பொருந்தியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ப்ரொஃபைலையே திருத்தும் சாஃப்ட்வேர் ஒன்று கையில் இருந்தது. நடு வெளிச்சத்தின் வளைகோட்டைக் கொஞ்சம் இழுத்தேன். தங்கை பளிச்சென்று சிவந்தாள். ஒரு துளி போட்டோவைத் தொடவில்லை! பெருமையோடு பிரிண்டுக்கு அனுப்பினேன்.

மறுநாள் பழைய மாநிறத்திலேயே வந்தாள்.

எப்படி வேறு மாதிரி வரும்? நான் மாற்றியது படத்தை அல்ல, என் தராசில் ஒட்டிய சீட்டை. அந்தப் பொய் என் அறையைத் தாண்டாது. தங்கையைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். திரையையும் பிரிண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப ஒண்ணு பண்ணுண்ணே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாரையும் இந்த ரூமுக்குள்ள கூட்டிட்டு வந்து, ஸ்கிரீன்லயே காட்டிடு."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பிரிண்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கையை அதன் பக்கத்தில் வைத்தாள். கைக்கும் படத்துக்கும் இம்மி வித்தியாசம் இல்லை.

"இதான் நான். இதையே குடு."

இந்தச் சிவப்பு வியாதி நம்ம ஊர் சரக்கு மட்டுமில்லை. 1950-களிலிருந்து கலர் லேபுகளுக்கு கோடக் கொடுத்த மாதிரிப் படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். ஷெர்லி என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். கருத்த முகங்கள் அந்த ஃபிலிமில் அமுங்கிப் போயின. அப்புறம் பழுப்பு நிறத்தைக் கம்பெனி கவனித்ததற்கு ஒரு காரணம், சாக்லேட்காரர்களும் மர ஃபர்னிச்சர்காரர்களும் செய்த புகார். மனுஷன் கேட்டுக் கிடைக்காததை நாற்காலி கேட்டு வாங்கியிருக்கிறது!

திருத்திய ப்ரொஃபைலை அழித்தேன். சரியான பிரிண்ட் தரகர் கைக்குப் போனது.

மாங்கனித் திருவிழாவுக்கு வந்த ஒரு குடும்பம் அப்படியே பெண் பார்க்கவும் வந்தது. ஆனிப் பௌர்ணமி. பிச்சாண்டவர் வீதிக்கு வர, மாடிகளிலிருந்து மாம்பழம் இறைத்து முடித்த வேளை. கூடத்தில் ஃபேன் சத்தம் மட்டும். பையனின் அம்மா கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்தார். என் வயிற்றில் புளி கரைந்தது. தங்கையைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"போட்டோல இருக்கிற மாதிரியேதான் இருக்கே, கண்ணு."

ஆபீசில் இத்தனை வருஷத்தில் எனக்கு இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை.

மாப்பிள்ளை கடைசியாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். போட்டோவில் சந்தனக் கலரில் இருந்தவர், நேரில் தங்கையைவிட இரண்டு படி அழுத்தமாக இருந்தார். தங்கை காபி டம்ளரை நீட்டிவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

அவர்கள் போன பிறகு சொன்னாள்: "அண்ணே, அந்தக் கருவியை உடனே திருப்பிக் குடுத்துடாதே. அவங்க வீட்டுப் பக்கமும் தேவைப்படும் போலிருக்கு."

ஆவணியில் கல்யாணம். ஆல்பம் நான்தான் செய்ய வேண்டும் என்று மாப்பிள்ளையே கேட்டுக்கொண்டார். 'என்னை என் கலரிலேயே போடுங்க மச்சான்' என்று கூடவே ஒரு கண்டிஷன்.