கிழிந்த மழைக்கோட்டு



ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது முன்னோர் வாக்கு. நம் தருமபுரி மாவட்டத்தார் இதனைக் கேட்டுப் புன்னகை செய்வதுண்டு. மழைக்காக ஏங்கியே பழகிய பூமி நம்முடையது. மழையை எதிர்நோக்கி ஆயத்தம் செய்யும் வழக்கம் நம் இல்லங்களில் குறைவு. ஆனால் 2024-ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் வந்தபோது நிலைமை வேறாயிற்று. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அரூரில் 33 சென்டிமீட்டரும், 2004 வரை நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும் மழை பெய்தது.

அத்தகைய பெருமழை அரிது. எனினும் ஆண்டுதோறும் மழையிலேயே வேலைக்குச் சென்றாக வேண்டியவர் பலர். சங்கத்துக்குப் பால் கொண்டு செல்வோர், பாலக்கோட்டுச் சந்தைக்கு விடியுமுன் தக்காளி ஏற்றிச் செல்வோர், தொப்பூர் கணவாய் வழியே மோட்டார் சைக்கிளில் சேலம் செல்வோர், இரவுப் பணி முடித்துத் திரும்பும் செவிலியர் ஆகிய இவர்களுக்கு மழைக்கோட்டு ஆடம்பரப் பொருள் அன்று.

இல்லங்களைச் சந்திக்கும்போது நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. வீட்டில் நல்ல மழைக்கோட்டு ஒன்றுதான் இருக்கும். அது குடும்பத் தலைவரின் வண்டியோடு போய்விடும். கிழிந்துபோன மற்றொன்று ஆணியில் தொங்கும். இல்லத்து அம்மாவோ, உரச்சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு புல்லறுக்கச் செல்வார். ஆணியில் தொங்கும் கோட்டில் உள்ள குறை ஒரு சாண் கிழிசலே! அதைச் செப்பனிட்டால் வீட்டில் இன்னொருவரும் நனையாமல் போய் வரலாம். ஆகவே இம்மாதம் அதைப் பற்றியே எழுத விழைகிறோம்.

வேறொரு காரணமும் உண்டு. கீழ்ப்பக்கம் கிழிந்து தொங்கும் கோட்டை அணிந்து வண்டியில் போவது ஆபத்தானது. காற்றில் பறக்கும் அத்துண்டு பின்சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கிக்கொண்டால், வண்டியில் இருப்பவரைக் கீழே இழுத்துவிடும். செப்பனிட நேரமில்லையெனில், தொங்கும் பகுதியைக் கத்தரித்துவிட்டாவது புறப்பட வேண்டும்.

மழைக்கோட்டின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொண்டால் அதைச் செப்பனிடும் வழியும் விளங்கும். 1823-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மக்கின்டாஷ் என்பவர், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, அக்கரைசலை இரு துணிகளுக்கு இடையே பூசி ஒன்றாக ஒட்டி, நீர் புகாத துணிக்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் சுரேந்திர மோகன் போஸ் 1920-இல் கல்கத்தாவில் தொடங்கிய நிறுவனத்தின் ‘டக்பேக்’ மழைக்கோட்டு பல இல்லங்களில் பெயர் பெற்றது. மக்கின்டாஷின் துணி நீரைத் தடுத்தது. ஆனால் தையற்காரர்கள் அதை உடையாகத் தைத்தவுடன் தையல் வழியே நீர் கசிந்தது. ஊசி போகும் இடமெல்லாம் ஒரு துளை அல்லவா? இன்றும் பலர் கிழிந்த மழைக்கோட்டைத் தைத்துவிட்டு, ‘தைத்தும் ஒழுகுகிறதே’ என்று வருந்துவதற்குக் காரணம் இதுவே. தையல் கிழிசலை இணைக்கும், நீரைத் தடுக்காது.

அடுத்தது, ஒட்டுப் போடும் முறை. பழைய ஆடையில் புதுத் துணியை ஒட்டுப் போடுவது பற்றி ஆண்டவர் கூறிய உவமையை மாற்கு நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதன் ஞானப் பொருள் வேறு. ஆனால் அதைக் கேட்டவர்கள் ஒட்டுப் போட்டு அறிந்த எளிய மக்கள். உடைக்கு ஒவ்வாத ஒட்டு கிழிசலைப் பெரிதாக்கும் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே விளங்கியது. மழைக்கோட்டிலும் அப்படியே. ஒட்டும் பசையும் கோட்டின் இனத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஆகவே கையில் உள்ள கோட்டு எவ்வினம் என்பதை முதலில் அறிய வேண்டும்.

தடித்த துணியில் ரப்பர் பூசியது முதல் வகை. இதற்குச் சைக்கிள் பஞ்சர் ஒட்டும் கடையில் கிடைக்கும் சொல்யூஷனே போதும். அதுவும் மக்கின்டாஷ் செய்ததுபோல் கரைப்பானில் கரைத்த ரப்பர்தான். கிழிசலைச் சுற்றி உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, கோட்டிலும் ஒட்டுத்துண்டிலும் சொல்யூஷனைப் பூசி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, அதன்பின் அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பிடிக்காது.

பளபளப்பான பி.வி.சி. கோட்டு இரண்டாம் வகை. இதன் இணைப்புகள் பெரும்பாலும் தைக்கப்படாமல் சூட்டினால் ஒட்டப்பட்டிருக்கும். பஞ்சர் சொல்யூஷன் இதில் நெடுநாள் நிற்காது. தண்ணீர்க் குழாய்க்கான பசையும், நொடியில் ஒட்டும் பசையும் காய்ந்தபின் விறைத்து, மடித்தவுடன் வெடித்துவிடும். வினைலுக்கென்றே விற்கும் வளையும் பசையை வாங்கி, பழைய பி.வி.சி. கோட்டிலிருந்து வெட்டிய துண்டைக் கொண்டு ஒட்டுவதே நன்று. இஸ்திரிப் பெட்டியை இதன் அருகில் கொண்டு செல்லலாகாது. கோட்டு உருகும், தீய புகையும் எழும்.

வெளியே துணியாகவும் உள்ளே மெல்லிய பூச்சாகவும் உள்ள நைலான், பாலியெஸ்டர் கோட்டுகள் மூன்றாம் வகை. கிழிசல் நீளமானால் மெல்லிய ஊசியால் பாலியெஸ்டர் நூல் கொண்டு இணைக்கலாம். பருத்தி நூல் நீரை உறிஞ்சி உள்ளே கடத்தும். பின்னர் உட்புறத்தில் பாலியுரேத்தேன் பசை பூசி, அதே இனத் துணியால் தையல் முழுவதையும் மூடிவிட வேண்டும்.

எவ்வகையானாலும் சில விதிகள் பொதுவானவை. கிழிந்த இடத்தைச் சோப்பு நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். எண்ணெய்ப்பசை இருந்தால் எந்த ஒட்டும் நில்லாது. ஒட்டுத்துண்டு கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரற்கடை அகலமாக இருக்கட்டும். அதன் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூரான மூலை முதலில் பெயரும். கனமான நூலொன்றைப் பாரமாக வைத்து ஒருநாள் முழுதும் விட்டுவிடுங்கள். பிறகு ஒட்டின்மேல் ஒரு செம்பு நீரை ஊற்றி, உட்புறம் கசிகிறதா என்று பாருங்கள். இப்பசைகள் எளிதில் தீப்பற்றும். அடுப்படிக்கு அப்பால், காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் எட்டாதவாறு வேலை செய்வது அவசியம்.

செப்பனிட முடியாதவையும் உண்டு. உட்பூச்சு செதில் செதிலாக உரியும் கோட்டும், வெயிலில் காய்ந்து மடித்த இடமெல்லாம் வெடிக்கும் கோட்டும் தம் காலத்தை முடித்தவை. ஒருமுறை பயன்படுத்தும் மெல்லிய பாலித்தீன் உறையில் பசை பிடிக்காது. இவற்றுக்குப் பசை வாங்கிச் செலவிடுவது வீண். நல்ல கோட்டு இந்நிலையை அடையாதிருக்க, நனைந்ததும் நிழலில் விரித்து உலர்த்துங்கள். ஈரத்தோடு சுருட்டி வண்டிப் பெட்டியில் திணிக்க வேண்டாம். சூடான சைலன்சரில் படாமல் காத்துக்கொள்ளுங்கள்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று கற்பித்தவர்களின் பிள்ளைகள் நாம். வரும் ஞாயிறு மாலை, ஆணியில் தொங்கும் அந்தக் கோட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளை இருக்கும் இடமெல்லாம் தெரியும். வீட்டுப் பிள்ளைகளையும் அருகில் அமர்த்தி, ஒட்டுப் போடக் கற்றுக்கொடுங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கோட்டை, இதுவரை சாக்கைப் போர்த்திக்கொண்டு மழையில் போனவருக்கே முதலில் கொடுங்கள்.