சில்லறைக்கு வாங்கிய பிள்ளைப் பருவம்

போர்ட்டோ ரிக்கோ தீவின் பாடகர் ரிக்கி மார்ட்டின் 1999ல் பாடிய ஆங்கிலப் பாட்டொன்று அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. உலகமெங்கும் அவர் பெயர் ஒலித்தது. "திறமையும் அதிர்ஷ்டமும் இருந்தால் யாரும் உயரலாம்" என்று இத்தகைய கதைகளுக்கு முதலாளி உலகம் பொழிப்புரை எழுதுவது வழக்கம்.

அவருடைய திறமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏணியின் முதல் படி எது?

1977ல் அந்தத் தீவில் 'மெனுடோ' என்ற சிறுவர் பாட்டுக் குழு தொடங்கப்பட்டது. அந்த மக்களின் வழக்கில் மெனுடோ என்றால் சில்லறைக் காசு! பெயர் பொருத்தம்தான். குரல் உடைந்தாலோ, ஏறக்குறைய 16 வயதை எட்டினாலோ சிறுவன் வெளியேற வேண்டும் என்பதே குழுவின் விதி. அவன் இடத்தில் இன்னொரு சிறுவன் வருவான். தேய்ந்த பல்சக்கரத்தைக் கழற்றி எறிந்து, புதியதை மாட்டுகிற ஆலை முறையல்லவா இது? இப்படி 30க்கும் மேற்பட்ட சிறுவர்கள் வந்து போனார்கள். பிள்ளைகள் மாறினார்கள், பெயர் மாறவில்லை. அந்தப் பெயரோ பாடியவர்களுக்குச் சொந்தமல்ல, நிர்வாகத்துக்குச் சொந்தம்.

உயரம் போதாதென்று முதலில் திருப்பியனுப்பப்பட்ட ரிக்கி, 1984ல் தமது 12வது வயதில் இக்குழுவில் சேர்ந்தார். 1989 வரை ஒத்திகை, மேடை, ஒலிப்பதிவு, ஓயாத பயணம். அவர் உயர்ந்தார், உண்மை. அவரோடு பாடிய டிராக்கோ ரோசாவும் உயர்ந்தார். 1999ன் வெற்றிப் பாட்டை எழுதிய இருவரில் அவர் ஒருவர். மற்றவர்களில் எத்தனை பேரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது? ஓயாத வேலை, சுரண்டல், கொடுமை என்று முன்னாள் உறுப்பினர்கள் பலர் 2022ல் வெளிவந்த செய்திப்படத் தொடரில் புகார் கூறினார்கள். வென்றவனின் படம் சுவரில் தொங்குகிறது. கழற்றி எறியப்பட்டவர்களின் கணக்கை யாரும் எழுதவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1898 முதல் அமெரிக்காவின் ஆதிக்கத்தில் உள்ள தீவு அது. அங்கே வாழும் மக்களுக்கு ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டு கிடையாது. 2019 ஜூலையில் ஆளுநர் ரோசெல்லோவின் ரகசிய உரையாடல்கள் அம்பலமாயின. சூறாவளியில் மாண்டவர்களைக்கூட அதில் கேலி செய்திருந்தார்கள். மக்கள் லட்சக்கணக்கில் சான் ஹுவான் வீதிகளில் திரண்டார்கள். அவர்களோடு ரிக்கியும் கொடி பிடித்து நின்றார். ஆளுநர் பதவி விலகினார். சந்தைக்காகப் பழக்கப்பட்ட குரல் மக்களின் குரலோடு சேர்ந்த நாள் அது!

கலிபோர்னியாவில் குழந்தைக் கலைஞரின் சம்பாத்தியத்தைப் பாதுகாக்க 1939லேயே சட்டம் வந்தது. இன்று வருமானத்தில் 15 சதத்தை அக்குழந்தையின் பெயரில் ஒதுக்கியாக வேண்டும். இது போதுமா? போதாது. வேலை நேரத்துக்கு வரம்பு, படிப்புக்கு உத்தரவாதம், புகாரை விசாரிக்கச் சுதந்திரமான அமைப்பு - இவை எங்கும் வேண்டும். மேடை விளக்கின் கீழே நின்றாலும் குழந்தை உழைப்பு குழந்தை உழைப்புதான். கைதட்டல் அதற்குக் கூலியாகாது!